தீயை வரைந்தவர் தீயில் இட்ட படங்கள்!

1907-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரை அடுத்த நியூ ரோஷெல் என்ற ஊர். எங்கு பார்த்தாலும் பனி. தரை வெள்ளை வெளேர் என்று கிடந்தது.

ஒரு பெரிய வீட்டில் இருந்து ஓவியங்கள் வெளியே வந்தன. ஒன்று, இரண்டு அல்ல. சுமார் 75 ஓவியங்கள்! அவை பனியின் மேல் குவிக்கப்பட்டன. பிறகு தீ வைக்கப்பட்டது.

குதிரைகள் எரிந்தன. வீரர்கள் எரிந்தார்கள். மலைகளும் ஆறுகளும் எரிந்தன. சிறிது நேரத்தில் எல்லாம் சாம்பல்.

தீ வைத்தது யார்? பகைவனா? பைத்தியக்காரனா?

இல்லை. அந்தப் படங்களை வரைந்த ஓவியரேதான்! அன்று இரவு தம் நாட்குறிப்பில் அதை எழுதியும் வைத்தார். வீட்டில் இருந்த பழைய படங்களை எல்லாம் எரித்துவிட்டதாகவும், இயற்கைக் காட்சிகளைப் பார்த்துப் பழகிய படங்கள் மட்டுமே மிச்சம் என்றும் குறித்தார்.

அவர் பெயர் பிரெடரிக் ரெமிங்டன். அன்று அமெரிக்காவில் அவர் பெயரை அறியாத வீடு இல்லை என்று சொல்லலாம். அப்படிப்பட்டவர் தம் படங்களைத் தாமே ஏன் எரித்தார்?

அதற்கு விடை தெரிய வேண்டுமானால், இன்னொரு தீயின் அருகே நாம் போக வேண்டும். அது 26 ஆண்டுகளுக்கு முன் எரிந்த தீ.

முதியவர் சொன்ன சொல்

ரெமிங்டன் 1861-ம் ஆண்டு பிறந்தார். தந்தை குதிரைப் படை அதிகாரியாக இருந்தவர், பத்திரிகையும் நடத்தியவர். சிறு வயதிலேயே பையனுக்குக் குதிரை என்றால் உயிர். நோட்டுப் புத்தகம் முழுவதும் குதிரையும் போர்வீரனும்தான்.

யேல் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். 1880-ல் தந்தை இறந்தார். படிப்பு பாதியில் நின்றது.

மறு ஆண்டு, 19 வயதில், மேற்கே மான்டானா என்ற பகுதிக்குப் பயணம் போனார். ஒருநாள் நடுவழியில் இருட்டிவிட்டது. தூரத்தில் ஒரு தீ தெரிந்தது. அங்கே போனார்.

வண்டியில் சரக்கு ஏற்றிப் பிழைக்கும் கிழவர் ஒருவர் அந்தத் தீயின் அருகே தங்கி இருந்தார். வந்த வாலிபனுக்குத் தம் உணவையும் காப்பியையும் பகிர்ந்து கொடுத்தார். தம் கதையையும் சொன்னார்.

"வாழ்நாள் முழுவதும் மேற்கே, மேற்கே என்று போய்க்கொண்டே இருந்தேன். இனிப் போக மேற்கு இல்லை. ரயில் வரப்போகிறது. வண்டிக்காரனுக்குப் பிழைப்பு இராது" என்பதே அவர் பேச்சின் சாரம்.

வாலிபனின் நெஞ்சில் அது தைத்தது. பரந்த புல்வெளி, குதிரை வீரர்கள், வண்டிகள், அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் வாழ்க்கை—எல்லாம் மறையப் போகின்றன. மறையும் முன் வரைந்துவிட வேண்டும்! இப்படித்தான் தம் வேலை தொடங்கியது என்று 1905-ம் ஆண்டு ரெமிங்டனே ஒரு பத்திரிகையில் எழுதினார்.

புகழ் வந்தது, மதிப்பு வரவில்லை

தொடக்கத்தில் அவருக்குக் கஷ்ட காலம். கன்சாஸ் பகுதியில் ஆட்டுப் பண்ணை வைத்தார். அது நிலைக்கவில்லை. மதுக்கடை ஒன்றில் பங்கு போட்டார். அந்தப் பணமும் போயிற்று. கடைசியில் பென்சிலை நம்பி நியூயார்க் வந்தார்.

1886 முதல் பெரிய பத்திரிகைகளில் அவர் படங்கள் வரத் தொடங்கின. பாயும் குதிரை, சுடும் வீரன், பறக்கும் புழுதி! மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். 1895-ல், துள்ளும் குதிரையை அடக்கும் வீரனைச் சிலையாக வடித்தார். அதுவும் பெரும் புகழ் பெற்றது. 1903-ல் 'காலியர்ஸ்' பத்திரிகை அவருடன் ஒப்பந்தம் செய்தது. மாதம் 1,000 டாலர்! அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

பணம் இருந்தது. புகழ் இருந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது.

ஓவியக் கலை அறிந்தவர்கள் அவரை ஓவியர் என்று ஒப்புக்கொள்ளவில்லை!

"இவர் பத்திரிகைக்குப் படம் போடுகிறவர். கோடு நன்றாக வரும். வர்ணம் வராது" என்று சொன்னார்கள். பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சாகும். பல ஆண்டு அதற்காகவே வரைந்து வரைந்து, அவர் கண் வர்ணத்தை மறந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி.

இதில் வேதனை என்னவென்றால், அவர்கள் சொல்வது உண்மை என்று ரெமிங்டனுக்கே தெரியும். பத்து ஆண்டாக வர்ணத்துக்காகப் பாடுபட்டும் அது கைக்கு வரவில்லையே என்று அவரே மனம் விட்டுச் சொன்னார்.

இரவு கைகொடுத்தது

1899-ம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு கண்காட்சி நடந்தது. சார்லஸ் ரோலோ பீட்டர்ஸ் என்ற ஓவியரின் படங்கள். எல்லாம் நிலவொளியில் தோன்றும் இரவுக் காட்சிகள்.

ரெமிங்டன் பார்த்தார். நின்றார். மீண்டும் பார்த்தார். பகலின் வர்ணத்தை எட்டிப் பிடிக்க முடியாமல் தவித்தவருக்கு, இரவு வழி காட்டியது!

அன்று முதல் இரவுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அவருக்கு ஒரு சிறு தீவு சொந்தம். கோடைகாலத்தில் அங்கே தங்குவார். இரவில் ஆற்றையும் நிலவையும் பார்ப்பார். பாறை என்ன நிறம்? தண்ணீர் என்ன நிறம்? நிழல் என்ன நிறம்?

இருட்டில் படம் வரைய முடியாதே! குழைத்த வர்ணம் சிவப்பா, பழுப்பா என்றே தெரியாது. ஆகவே இரவில் பார்த்ததை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பகலில் அதை நினைத்து நினைத்து வரைய வேண்டும். இரவு ஓவியம் என்பது பாதி கண் வேலை, பாதி நினைவு வேலை.

இரவு கறுப்பு அல்ல

இரவு என்ன நிறம் என்று கேட்டால் "கறுப்பு" என்போம். அது தவறு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மாலையில் ஒரு செம்பருத்திச் செடியின் அருகே நில்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போது பூ பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். இலை அதைவிட மங்கல். இருட்ட இருட்ட என்ன ஆகிறது? பூ கறுத்துவிடும். இலையோ அதைவிட வெளுப்பாகத் தெரியும்!

பூ மாறவில்லை. மாறியது நம் கண். நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும் உயிரணுக்கள் வேறு. இருட்டில் வேலை செய்யும் உயிரணுக்கள் வேறு. இருட்டில் விழிக்கும் உயிரணுக்கள் நீலத்தையும் பச்சையையும் ஒட்டிய ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்கு இருட்டு மாதிரி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே இதைக் கவனித்து எழுதினார்.

ரெமிங்டனின் நிலவுப் படங்களைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலும் ஒரு பச்சை படர்ந்திருக்கும். வானம் பச்சை, மண் பச்சை, வெள்ளைக் குதிரையின் முதுகும் பச்சை. பார்த்த உடனே "ஆம், இது இரவு" என்று நம் மனம் சொல்கிறது.

தீயை எப்படி வரைவது?

நிலவைவிடக் கடினமானது தீ. ஏன்?

தீ ஒளி தருகிறது. வர்ணம் ஒளி தராது. எவ்வளவு நல்ல மஞ்சளைப் பூசினாலும் அது சுடர் விடாது. அப்படியானால் படத்தில் உள்ள தீ எப்படி எரிவது போலத் தெரிகிறது?

அந்த ரகசியம் தீயில் இல்லை. அதைச் சுற்றி உள்ள இருட்டில் இருக்கிறது! சுற்றிலும் நிறத்தை அடக்கி வைத்தால், நடுவில் உள்ள சிறு மஞ்சள் பொறி போல ஜொலிக்கும். அதே மஞ்சளை வெள்ளைத் தாளில் வைத்தால் வெறும் மஞ்சள்தான்.

இரண்டாவது ரகசியம், தூரம். தீயிலிருந்து ஓர் அடி தள்ளி இருப்பவன் மேல் விழும் ஒளியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி தள்ளி இருப்பவனுக்குப் பாதி கிடைக்கும் என்று நினைப்போம். இல்லை! கால் பங்குதான் கிடைக்கும். மூன்றடி தள்ளி இருப்பவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. பெரிய தீயில் இந்தக் கணக்குச் சற்று மாறும். ஆனால் வழி இதுதான். தீயின் அருகே முகம் பளபளக்கிறது. நாலு எட்டு தள்ளினால் ஆள் இருப்பதே தெரிவதில்லை.

புதிதாக வரைகிறவர்கள் இங்கேதான் தவறு செய்வார்கள். எல்லா ஆட்களுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுப்பார்கள். உடனே தீ அணைந்துவிடும்!

மூன்றாவது ரகசியம், விளிம்பு. தீயை நோக்கிய கன்னம், மூக்கு, கை, போர்வையின் மடிப்பு இவற்றை மட்டும் வரைய வேண்டும். முதுகுப் பக்கம் இருட்டோடு கரைய வேண்டும். முழு உருவத்துக்கும் சுற்றிக் கோடு போட்டால், ஆள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நிற்பான். பத்திரிகைக்குக் கோடு போட்டே பழகிய ரெமிங்டனுக்கு, அந்தக் கோட்டை விடுவதுதான் பெரிய சோதனையாக இருந்தது.

தைல வர்ணம் ஏன்?

இத்தகைய படத்துக்குத் தைல வர்ணம் மிகவும் ஏற்றது. வர்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துச் செய்வது அது. தண்ணீர் வர்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தைல வர்ணம் அப்படி அல்ல. அந்த எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதற்குப் பல நாள் ஆகும்.

அதுவரை ஓவியருக்கு வசதி. ஈரமாக உள்ள வர்ணத்தை இருட்டுக்குள் இழுத்து விடலாம். விளிம்பைக் கரைக்கலாம். பிடிக்காவிட்டால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் வரையலாம்.

வழக்கமான முறை இது:

முதலில் கித்தான் முழுவதும் பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் பூசுவார்கள். வெள்ளைக் கித்தானில் இரவு வராது.

அடுத்து, தீ எங்கே என்று முடிவு செய்வார்கள். அதைப் பொறுத்தே மற்ற எல்லாம்.

பிறகு வானம், தரை, மரம் ஆகிய பெரிய இருட்டுகள். நீலமும் பச்சையும் கலந்த இருட்டு. வெறும் கறுப்பு அல்ல. பெரும்பாலும் வானம் தரையைவிடச் சற்று வெளுப்பாக இருக்கும்.

அதன் பின் ஆட்கள். ஒளி படும் பக்கத்தில் செம்மஞ்சள். ஒளி படாத பக்கத்தில் அந்த இரவின் பச்சை.

கடைசியாகத் தீயின் நடுப்பகுதி. அங்கே வர்ணத்தைத் தடிப்பாக, ஒரே வீச்சில் வைக்க வேண்டும். இருட்டு மெல்லிய பூச்சு. ஒளி தடித்த பூச்சு. எண்ணெய் குறைந்த பூச்சு அடியில். எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே. இதை மாற்றினால், மேல் பூச்சு முதலில் இறுகி, பின்னாளில் வெடித்துவிடும்.

மீண்டும் ஒரு வண்டி, மீண்டும் ஒரு தீ

பழைய படங்களை எரித்த மறு ஆண்டு, 1908. ரெமிங்டன் இரண்டு தீ ஓவியங்களை வரைந்தார்.

ஒன்றின் பெயர் 'புல் தீ'. அமெரிக்கச் சமவெளியில் புல் காய்ந்து கிடக்கும் காலத்தில் தீப் பிடித்தால், காற்றோடு அது ஓடி வரும். தப்ப ஒரு வழி உண்டு. நாமே நம் அருகில் உள்ள புல்லை முன்கூட்டிக் கொளுத்திவிட வேண்டும். பெரிய தீ அங்கே வரும்போது, தின்ன அதற்குப் புல் இராது. இதைத்தான் படத்தில் பழங்குடி மக்கள் செய்கிறார்கள். இரவு. குதிரைகள். மனிதர்கள். தரையோடு ஓடும் தீயின் ஒளி அவர்கள் மேல் விழுகிறது. சுற்றிலும் இருள். தீயைத் தீயால் தடுக்கும் காட்சி! டெக்சாஸ் மாகாணம், போர்ட் வொர்த் நகரில் உள்ள அமோன் கார்ட்டர் மியூசியத்தில் இது இருக்கிறது.

இன்னொன்றின் பெயர் 'துப்பாக்கி விருந்தோம்பல்'. ஒரு வண்டி. ஒரு தீ. வண்டிக்காரன் தனியாள். பழங்குடியினர் மூவர் தீயின் அருகே வந்திருக்கிறார்கள். நண்பர்களா, பகைவர்களா? அவனுக்குத் தெரியாது. துப்பாக்கி அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. யாரும் அசையவில்லை.

பழைய ரெமிங்டனாக இருந்தால் இங்கே ஒரு சண்டை நடந்திருக்கும். குதிரை பாய்ந்திருக்கும். துப்பாக்கி வெடித்திருக்கும். புதிய ரெமிங்டன் எதையும் நடக்க விடவில்லை. அடுத்த நிமிடம் என்ன ஆகுமோ என்று நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். அதுதான் இரவின் பலம். கண்ணுக்குத் தெரியாததை மனம் தேடுகிறது.

27 ஆண்டுகளுக்கு முன், தெரியாத வாலிபன் ஒருவன் இருட்டில் இருந்து ஒரு வண்டிக்காரரின் தீயை நோக்கி வந்தான். அந்தக் கிழவரும் முதலில் இப்படித்தானே ஏறிட்டுப் பார்த்திருப்பார்!

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ரெமிங்டன் குறையில்லாத மனிதர் அல்ல. பழங்குடி மக்களையும் வேறு பல இனத்தாரையும் பற்றி அவர் கடுமையாகவும் இழிவாகவும் எழுதியது உண்டு. அவருடைய பழைய படங்கள் பெரும்பாலும் படைவீரர் பக்கம் நின்றே கதை சொல்லின. ஆனால் கடைசி ஆண்டுகளின் இரவுப் படங்களில் கை வேறு விதமாகப் போயிற்று. 1909-ல் வரைந்த ஒரு படத்தில், நிலவின் கீழே குதிரை மேல் ஒரு பழங்குடி வீரன் தன்னந்தனியாக அமர்ந்திருக்கிறான். அவன் அங்கே பகைவன் அல்ல; மனிதன்.

வெற்றியும் முடிவும்

1909, டிசம்பர். நியூயார்க்கில் நோட்லர் கலைக்கூடத்தில் ரெமிங்டனின் கண்காட்சி. முன்பு குறை சொன்ன விமரிசகர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். பாராட்டினார்கள்!

"வர்ணம் வராது" என்றவர்கள் வர்ணத்தைப் புகழ்ந்தார்கள். விமரிசகர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள் என்று ரெமிங்டன் தம் நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதினார். அவர் ஓவியர் ஆகிவிட்டார்.

அந்த மகிழ்ச்சி எத்தனை நாள்?

அதே மாதம் அவருக்கு வயிற்று வலி வந்தது. குடல்வால் நோய். கனத்த உடம்பு வேறு. டாக்டர்கள் அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பலன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26-ந் தேதி, அவர் உயிர் பிரிந்தது. வயது 48.

பத்து ஆண்டில் அவர் வரைந்த இரவு ஓவியங்கள் எழுபதுக்கு மேல். 2003-ம் ஆண்டு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், அந்த இரவுப் படங்களுக்காகவே தனிக் கண்காட்சி நடத்தியது. அவர் எரித்த பழைய படங்களில் பல, பத்திரிகையில் அச்சான பிரதிகளாக மட்டுமே இன்று மிஞ்சி இருக்கின்றன.

எரித்தது சரியா? "எவ்வளவு பணம் வீண்!" என்று சிலர் சொல்லலாம். ஆனால் 'புல் தீ' ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். பின்னால் வரும் பெருந் தீக்குத் தப்ப, முன்னால் உள்ள புல்லைக் கொளுத்துகிறார்கள் அல்லவா? ரெமிங்டனும் அதைத்தான் செய்தார். மலிவான பழைய புகழைத் தம் கையாலேயே கொளுத்தினார். வெந்து வெறுமையான அந்த இடத்தில் நின்றுதான் நல்ல படங்களை வரைந்தார்.

இன்று இரவு எங்காவது தீ எரிவதைக் கண்டால், தீயைப் பார்க்காதீர்கள். அதைச் சுற்றி நிற்கும் முகங்களைப் பாருங்கள். ஒளி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

அந்த எல்லையைத் தேடித்தான் ஒரு மனிதர் தம் கடைசிப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டார்!